பெயர் வராத ஞாயிறு

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

மாலை ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னைக் கூப்பிட்டு, ஈஸ்டர் வரையுள்ள லெந்து நாட்கள் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பங்களை நான்தான் வாசிக்க வேண்டும் என்றார். "உனக்கு உச்சரிப்பு சுத்தமா இருக்கு. ஆனா ரயிலு மாதிரி ஓடாத" என்று சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். எங்கள் சேகரத்தில் ஐந்து கோயில்கள், ஐந்துக்கும் இவர் ஒருவர்தான் போதகர். ஐயர் எதையும் நின்று சொல்லி நான் பார்த்ததில்லை.

நோயாளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் சபையார் "கர்த்தாவே, கேட்டருளும்" என்று பதில் சொல்வார்கள். வாசிக்கிறவர் பதில் சொல்வதில்லை. எங்கள் கோயிலில் ஒரு பெயர் வாசிக்கப்பட ஆரம்பித்துவிட்டால், அது இரண்டு வழிகளில்தான் நிற்கும். சுகமானவர்கள் முன்னால் வந்து ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பார்கள். இல்லையென்றால் துக்கமணி அடிக்கும்.

அம்மாவின் பெயர் போன ஞாயிறு முதல் வருகிறது. வயிற்றில் கட்டி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அப்பா கூட இருக்கிறார். எனக்குத் துணையாக ரஞ்சிதம் அத்தை வந்திருக்கிறார். அத்தைக்கு ரசத்தைத் தவிர எல்லாவற்றிலும் தேங்காய் போட வேண்டும்.

உதட்டோடு நின்றுவிடும் ஜெபம் கூரையைத் தாண்டாது என்று ஐயர் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். எங்கள் கோயில் கூரை மிகவும் உயரம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வாசிப்பு மேடையிலிருந்து பார்த்தால் எல்லாரும் தெரிகிறார்கள். இத்தனை வருடம் கீழே உட்கார்ந்திருந்தபோது எனக்கு இது தெரியாது.

ஆண்கள் பக்கம் ஒருவர் வேதப் புத்தகத்துக்குள் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடகர் குழுவில் இரண்டு அக்காமார் கேமரா தங்கள் பக்கம் திரும்பும்போது மட்டும் வாயைப் பெரிதாகத் திறந்தார்கள். இந்தக் கேமராவை துபாயில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். ஸ்டான்லி அண்ணன்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முழுவதும் லைவில் போகிறது. அது வந்த பிறகு முன்வரிசையில் பட்டுப் புடவைகள் அதிகமாகிவிட்டன.

பாக்கியம் பெரியம்மா வழக்கம் போல் இரண்டாம் மணி அடித்து வெகுநேரம் கழித்து ஈரத் தலையோடு வந்தார். பேருந்து நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். பெண்கள் பக்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கம் தொடங்கியதும் தூங்கி, விண்ணப்பத்துக்கு விழித்துக்கொள்வார். எல்லாரும் "கேட்டருளும்" சொல்லி முடித்த பிறகு அவருடைய "கேட்டருளும்" தனியாக வரும். சின்னப் பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள்.

"சுகவீனமாயிருக்கிற ஜெபதுரை மனைவி எமிலிக்காக" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். ஒரு அக்கா "கேட்டருளும்" சொல்லிக்கொண்டே பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டார். இன்னொருவர் சொல்லிக்கொண்டே கொட்டாவி விட்டார். என் அம்மாவுக்கு இவ்வளவுதான்.

பிப்ரவரி 21, புதன்

அப்பா போன் செய்தார். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்கு அப்படியே குதிக்க வேண்டும் போல இருந்தது. அத்தையிடம் சொன்னேன். அத்தை "அப்படியா" என்று சொல்லிவிட்டு, கழுவின மீனையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

அம்மாவோடு பேசக் கேட்டேன். அப்பா, "போனு பிடிக்கக்கூடத் தெம்பில்லம்மா. பெறகு பேசலாம்" என்றார்.

ஆபரேஷன் வேண்டாம் என்பது சபையின் ஜெபத்தால்தான் என்றால், இவ்வளவு அசட்டையான ஜெபத்துக்கே இவ்வளவு நடக்கிறது. உண்மையாக ஜெபித்தால் என்ன நடக்கும்?

பிப்ரவரி 25, ஞாயிறு

இன்று ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நிறுத்தினேன். மக்கள் யோசித்து, மனதிலிருந்து பதில் சொல்லட்டும் என்று. முதல் பெயருக்கு நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஒருவர் அடுத்த பெயரை எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் பெயருக்கு இருமல் சத்தம். அம்மாவின் பெயருக்கு நீண்ட நேரம் நிறுத்தினேன். அந்த அமைதியில் யாருடைய போனோ பாட ஆரம்பித்தது.

வெளியே வந்ததும் ஸ்டான்லி அண்ணன், "என்ன பியூலா, நெட்டு கட்டாயிடுச்சுன்னு நெனச்சு நான் வயரப் போட்டு ஆட்டிக்கிட்டு கெடக்கேன். நீ சும்மா நிக்கியா?" என்றார். "கொஞ்சம் கேமராவப் பாத்து வாசி. நல்லா லைக்கு விழும்."

"லைக்குக்காகவா அண்ணே வாசிக்கேன்?" என்றேன்.

"ஏ, கோவப்படாதட்டி. சும்மா சொன்னேன்."

பாக்கியம் பெரியம்மா பின்னாலேயே வந்து, "இவ நிறுத்துத நேரத்துல நான் ஒரு ஈடு இட்லி அவிச்சு எறக்கிருவேன்" என்றார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு நேராக ஐயர் வீட்டுக்குப் போனேன். லெந்து நாட்களிலாவது கேமராவை நிறுத்திவிட வேண்டும், மக்கள் நடிக்கிறார்கள் என்று சொன்னேன். சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். ஐயர் ஹெல்மெட்டைப் போட்டபடியே கேட்டார்.

"வர முடியாதவங்க பாக்காங்கம்மா" என்றார்.

"துபாய்க்காரங்க அங்கேயே கோயிலுக்குப் போவலாமே ஐயா."

ஐயர் ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அப்பா போன் பண்ணாங்களா?" என்று கேட்டார். ஆபரேஷன் வேண்டாம் என்றாகிவிட்ட செய்தியைச் சொன்னேன். "ம்" என்றார். ஐயரம்மாவைக் கூப்பிட்டு எனக்கு முறுக்கு கொடுக்கச் சொன்னார். நான் கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை.

மார்ச் 2, சனி

அப்பா காலையில் வந்து மத்தியானப் பேருந்தில் திரும்பிவிட்டார். சவரம் செய்துகொள்ளவில்லை. பீரோவில் இருந்து அம்மா தனியாக நிற்கும் போட்டோவை எடுத்துக்கொண்டு போனார். பழைய போட்டோ, மங்கிவிடுவதற்கு முன் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்க வேண்டுமாம். இந்தச் சமயத்தில் அது எதற்கு என்று தெரியவில்லை. அப்பாவுக்கு எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது.

அத்தை, "உங்கிட்ட வெள்ளச் சுரிதார் இருக்கா?" என்று கேட்டார். ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்றார்.

மார்ச் 3, ஞாயிறு

அம்மா பெயருக்கு "கேட்டருளும்" வந்தது. தெருவில் காய்கறிக்காரரின் ஒலிபெருக்கியும் அதே நேரத்தில் "தக்காளி" என்றது. சிலர் சிரிப்பை அடக்கினார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இவர்களை நம்பித்தானே இருக்கிறேன்.

மார்ச் 4, திங்கள்

தமிழ்ப் பரீட்சை. எல்லாவற்றுக்கும் எழுதினேன். கட்டுரை என்ன தலைப்பு என்பதே வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டது.

மார்ச் 9, சனி

அப்பா இந்த வாரம் சரியாகப் பேசவில்லை. "இருக்கா", "பரவால்ல", "நீ பரீட்சையப் பாரு". அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். நாளைக்கு அம்மாவின் பெயரை வாசிக்கப்போவதில்லை. ஒரு பெயர் விட்டுப்போனால் இந்தச் சபையில் யாருக்காவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாது என்று எனக்குத் தெரியும். அதற்கடுத்த ஞாயிறு மேடையில் நின்று, "போன வாரம் என் அம்மாவை நான் விட்டுவிட்டேன், உங்களில் ஒருவரும் தேடவில்லை" என்று சொல்வேன். வெட்கப்படுவார்கள். வெட்கப்பட்டால்தான் உண்மையாக ஜெபிப்பார்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இன்னும் நாள் ஆனால் என்ன ஆகும் என்று யோசிக்க முடியவில்லை.

வேறு யார் பெயரையாவது விட்டால் அது பாவம். அம்மா பெயர் என்னுடையது.

மார்ச் 10, ஞாயிறு, மத்தியானம்

விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு முன்னால் வரும் பெயரை வாசித்தேன். "கேட்டருளும்." நேராக அடுத்த பெயருக்குப் போனேன். "கேட்டருளும்." கொஞ்சம் சத்தம் குறைந்தது போல இருந்தது, அவ்வளவுதான். பாக்கியம் பெரியம்மாவின் பிந்திய குரல்கூட வரவில்லை. தூங்கியிருப்பார். காணிக்கை எடுத்தார்கள். கடைசிப் பாட்டைப் பாடினார்கள். ஆசீர்வாதம் முடிந்தது. உலகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி வீட்டுக்கு ஓடிவந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். ஆராதனை முடிந்தும் ஒருவரும் கலையவில்லை. மணிக்கூண்டுக்குக் கீழே கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி என்ன ஊர்க்கதையோ. மணி அடிக்கும் கோயில்பிள்ளை வேறு மணிக்கயிற்றின் பக்கத்தில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தைக்குக் கால்வலி, இன்று கோயிலுக்கு வரவில்லை. "கூட்டம் எப்படி?" என்றார். "இருந்தது" என்றேன்.

நான் நினைத்தது சரிதான். சரியாக இருந்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அதே நாள், மாலை

நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தபோது பாக்கியம் பெரியம்மா வந்தார். செருப்பில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வராமல், "ரஞ்சிதம்" என்று மட்டும் கூப்பிட்டார். அத்தை போனார்.

"என்னிக்குத் தாயி? ராத்திரியா?"

"என்னது என்னிக்கு?" என்றார் அத்தை.

"எமிலி பேரு வரலியே. காணிக்கையும் யாரும் வைக்கல. அப்ப என்னன்னு நெனைக்க? புள்ள வேற முகம் குடுக்காம ஓடிட்டா. ஐயரு அடுத்த கோயிலுக்குப் போயிட்டாவ. போன் பண்ணிக் கேக்கதுக்கு ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. மணி அடிக்குமா அடிக்குமான்னு எல்லாரும் அங்கேயே நிக்கோம். கோயில்பிள்ள கயித்தத் தொடமாட்டேங்கான். மனசு கேக்காம நான் வந்தேன்."

அவருக்குப் பின்னால் தெருவில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். பிள்ளையின் மூக்கைத் துடைத்த அக்கா, போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பாடகர் குழுவின் இரண்டு அக்காமார். ஒருவரும் நெருங்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மேடையில் இருந்து நான் அவர்களைப் பார்த்தது போல.

"எமிலி இருக்கா. நல்லாத்தான் இருக்கா" என்றார் அத்தை. பாக்கியம் பெரியம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நல்லா இருக்காளாம்!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"அப்ப ஏம்ட்டி பேர விட்ட?" என்று கேட்டார். அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சொல்லு. மறந்துட்டியா?"

"இல்ல" என்றேன்.

அப்போது போன் அடித்தது. அப்பா.

"யம்மா பியூலா, நீ ஏம்மா அம்மா பேர வாசிக்கல?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாங்க கேட்டுக்கிட்டுதான் இருந்தோம். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் லைவப் போட்டு அவ காதுல வச்சிடுவேன். அதுக்குத்தான் வாரம் முழுக்கக் காத்துக் கெடப்பா." அப்பா மூச்சு விடுவது கேட்டது. "காலைலருந்து செவுத்தப் பாத்துப் படுத்திருக்கா. தண்ணி குடுத்தா வேண்டாங்கா."

வர முடியாதவர்கள் பார்க்கிறார்கள் என்று ஐயர் சொன்னார். நான் துபாயை நினைத்தேன்.

மார்ச் 11, திங்கள்

முதல் பேருந்தில் அத்தையோடு பாளையங்கோட்டைக்குப் போனேன். நாளைக்குப் பரீட்சை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், திறக்காமலே கொண்டுவந்தேன்.

அம்மா அவ்வளவு சின்னதாகிவிடுவாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கையில் வளையல் இல்லை, நிற்காதாம்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டுக்கு வாயசைக்கிறவர்கள், போன் பார்க்கிறவர்கள், கொட்டாவி, கேமரா, நான் வைத்த சோதனை. அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். கடைசியில் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

"படிக்கிற பிள்ளைக்குப் பரீட்ச வைக்கத்தானே தோணும்" என்றாள். குரல் மூச்சாகத்தான் வந்தது. "யாரு பாசு?"

"எல்லாரும் பாஸும்மா. மணிக்கூண்டுக்குக் கீழ நின்னுக்கிட்டே இருந்தாவ. பாக்கியம் பெரியம்மா செருப்பில்லாம ஓடி வந்தாவ."

"பாக்கியக்கா" என்றாள் அம்மா. "அக்கா பிந்திச் சொல்லுதுல்லா, அது போன்ல நல்லாக் கேக்கும். எல்லாரும் சொல்லி முடிஞ்ச பெறகு, எனக்குன்னு ஒண்ணு தனியா வரும். அதுக்குத்தான் காத்திருப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து எம்பேரு வரலியா, சரி, பிள்ளைக்கு யாரோ சொல்லிட்டாவன்னு நெனச்சேன்" என்றாள்.

"என்னத்தம்மா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

ஆபரேஷன் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருக்க வேண்டும். போட்டோ, வெள்ளைச் சுரிதார், அதைப் பற்றியெல்லாம் நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

அழுது முடித்த பிறகு, அடுத்த ஞாயிறு கட்டாயம் வாசிக்கிறேன், எல்லாரையும் நன்றாக ஜெபிக்கச் சொல்கிறேன் என்றேன்.

"சொகத்துக்குன்னு வாசிக்காத" என்றாள். "கேட்டாச்சுல்லா. கேட்டுக்கிட்டே இருந்தாச்சு."

"பெறகு என்னன்னு வாசிக்க?"

அம்மா என் விரலைப் பிடித்தாள். பிடித்தது தெரியாத அளவுக்குத்தான் பலம் இருந்தது.

"பயமா இருக்குட்டி" என்றாள். "அப்பாட்டச் சொல்லல. ஐயரு வந்து ஜெபம் பண்ணாவ, அவியட்டயும் சொல்லல. தைரியமா இருக்கேன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

மார்ச் 12, செவ்வாய்

பரீட்சை எழுதினேன்.

மார்ச் 16, சனி

ஐயரிடம் நான் செய்ததைச் சொன்னேன். முதல் முறையாக மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டு நின்றார். நாளைக்கு வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். "வேற யாரும் இல்ல. எனக்கும் காலைல இன்னொரு கோயில் இருக்கு. நீதான் வாசிக்கணும்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கும் வாக்கியத்தை அம்மாவுக்கு மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். என்ன மாற்றம் என்று கேட்டார், சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசி" என்றார்.

அங்கிருந்து ஸ்டான்லி அண்ணனிடம் போனேன். ஒரு மைக்கைப் பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் வைக்க முடியுமா என்று கேட்டேன். கேமராவை நிறுத்தச் சொன்னவள் மைக் கேட்கிறாளே என்று கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். ஏன் என்று சொன்னதும், வயரை அளக்க உடனே எழுந்து போனார்.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் அப்பா போன் செய்து, "காதுல வச்சாச்சு" என்று மட்டும் சொன்னார்.

கோயிலில் கடைசி வரிசையில் மைக்கைப் பார்த்ததும் பாக்கியம் பெரியம்மா, "எனக்கெதுக்குய்யா இது? நான் என்ன பிரசங்கமா பண்ணப்போறேன்?" என்று ஸ்டான்லி அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார். இன்று அவர் முதல் மணிக்கே வந்துவிட்டார். ஆனால் பிரசங்கத்தில் தூங்கினார். போனைப் பார்க்கிறவர் இன்றும் பார்த்தார். எழுதாமல் விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மேடையில் ஏறினேன். முதலில், "போன ஞாயிறு என் அம்மாவின் பெயரை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நீங்கள் ஜெபிக்கிறீர்களா என்று சோதித்துப் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "சரி தாயி, வாசி" என்றார்.

பெயர்களை வாசித்தேன். அம்மாவின் முறை வந்தது.

"ஜெபதுரை மனைவி எமிலிக்காக" என்றேன். "அவருக்குப் பயமாக இருக்கிறது. அவருடைய கணவருக்கும் மகளுக்கும் பயமாக இருக்கிறது. அவர் தனியாக இல்லை என்று அவருக்குத் தெரியும்படி செய்தருளும்."

பதில் உடனே வரவில்லை. ஒருவரும் ஆரம்பிக்கவில்லை. பிறகு எங்கோ நடுவிலிருந்து ஒரு குரல் "கர்த்தாவே" என்றது. இன்னொன்று முன்னாலிருந்து. ஒன்றோடொன்று சேராமல், சிலர் முதல் சொல்லிலேயே உடைந்து, சிலர் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்து, ஒரு ஒழுங்கும் இல்லாமல் வந்தது. எங்கள் கோயிலில் இதைவிட மோசமாக ஒரு பதிலை நான் கேட்டதில்லை. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

எல்லாம் அடங்கிய பிறகு, கடைசி வரிசையிலிருந்து அது வந்தது. மைக்கில், கொஞ்சம் கரகரப்பாக, தனியாக.

"கேட்டருளும்."

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பாளையங்கோட்டையில் அந்தக் கட்டிலில் அது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன். அடுத்த பெயரை வாசிக்க வேண்டும். எல்லாரும் காத்திருந்தார்கள்.

மேடையில் நின்ற இத்தனை ஞாயிறும் அம்மாவுக்காக அந்தச் சொல்லை நான் மட்டும்தான் சொல்லவில்லை. வாசிக்கிறவர் பதில் சொல்வதில்லை.

பாக்கியம் பெரியம்மாவுக்கும் பிறகு, நான் சொன்னேன்.